உரைகல்லிலிருந்து எஸ்டிமேட் சீட்டு வரை

1990களின் கடைசியில் தனிஷ்க் கடைகளுக்குள் ஓர் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. காரட்மீட்டர் என்று பெயர். நகையை உருக்க வேண்டாம், உரச வேண்டாம். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அதில் தங்கம் எத்தனை பங்கு, செம்பும் வெள்ளியும் எத்தனை பங்கு என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். வீட்டில் இருக்கும் நகைகளைக் கொண்டுவாருங்கள், காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறோம் என்று கடை கூப்பிட்டது. வந்தவர்களில் பலருக்கு அன்று நல்ல நாளாக இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பழகிய கடையில், 22 காரட் என்று நம்பி வாங்கிய வளையல் அந்தத் திரையில் இருபதைக்கூடத் தொடவில்லை.

அடுத்த படியாக, மனம் நொந்து நின்றவருக்கு ஒரு வழியும் காட்டினார்கள். உங்கள் நகை 19 காரட்டுக்குக் குறையாமல் இருந்தால் போதும், செய்கூலியை மட்டும் கொடுத்துவிட்டு அதே எடைக்கு எங்கள் 22 காரட் நகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து உருவாக்கிய டைட்டனின் நகைப்பிரிவுதான் தனிஷ்க். ஓசூரில் பட்டறை, 1996இல் சென்னை கதீட்ரல் சாலையில் கடை. தொடக்கத்தில் 18 காரட் நகைகளை நவீன வடிவங்களில் செய்துவைத்துப் பார்த்தார்கள். மக்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் வழக்கமான கடைக்கே போனார்கள். அந்த வழக்கத்தை எந்த விளம்பரப் பாட்டாலும் உடைக்க முடியாது என்று புரிந்த பிறகுதான் காரட்மீட்டர் வந்தது. வாடிக்கையாளருக்கு விவரம் கூடினால் விளம்பரத்தின் பருப்பு வேகாது என்பார்கள். இங்கே நடந்தது தலைகீழ். வாடிக்கையாளருக்கு விவரம் சொல்லிக்கொடுப்பதே விளம்பரம் ஆனது. தமிழ்நாட்டு நகை வியாபாரத்தின் கடந்த அறுபது ஆண்டுகளைப் புரட்டினால் இது ஒருமுறை நடந்த அதிசயம் இல்லை என்று தெரியும்.

பொன்னின் தரத்தை அளப்பது தமிழருக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன் நகைகளை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லாலும், மணிகளைத் 'தட்சிணமேருவிடங்கன்' என்ற எடைக்கல்லாலும் நிறுத்துக் கல்வெட்டில் பதித்திருக்கிறார்கள். அரசனே கொடுத்தாலும் எடை எடைதான். பொன்னின் தரத்தை 'மாற்று' என்றார்கள். கறுப்பு உரைகல்லில் நகையை ஓர் இழுப்பு, பக்கத்தில் மாற்று தெரிந்த பொன்முனைக் குச்சியால் ஓர் இழுப்பு, இரண்டு கோட்டின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. கண் பழகியவருக்குத்தான் அது பேசும். வாங்குகிறவருக்கு அந்தக் கண் கிடையாது. எனவே அவர் பார்த்தது உரைகல்லை அல்ல, பத்தரின் முகத்தை.

ஊருக்கொரு பத்தர், குடும்பத்துக்கொரு ஆசாரி என்று இருந்த காலம் அது. பழைய நகையையோ, சேர்த்துவைத்த காசையோ கொடுத்து, அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து உருக்குவதைப் பார்ப்பவர்களும் உண்டு. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்ற பழமொழி அந்த நம்பிக்கையின் மறுபக்கம். அதில் நியாயம் குறைவு என்றே சொல்ல வேண்டும். ஊதுகுழலும் கையுமாகக் கரியடுப்புக்கு முன் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அடுக்குமாளிகை கட்டியதாகத் தெரியவில்லை.

'காரட்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது விளம்பரம் அல்ல, அரசாங்கம். 1962 சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி வற்றிக் கிடந்த நேரம். 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். இனி 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. தங்கத்தின் அளவைக் குறைத்தால் மோகமும் குறையும், கடத்தலும் குறையும் என்பது கணக்கு. நடந்தது என்ன? 14 காரட் நகையை மக்கள் பித்தளையாகவே பார்த்தார்கள். பொற்கொல்லர்களின் அடுப்பு அணைந்தது. நாடு முழுவதும் போராட்டம். வறுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள். அதே ஆண்டு காமராஜர் திட்டத்தில் தேசாய் பதவி விலக, அந்த இடத்துக்கு வந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார். 1966இல் 14 காரட் கட்டுப்பாடே போனது. ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, தனியார் கட்டித் தங்கம் வைத்திருப்பதைத் தடுத்தது. பொற்கொல்லர் கையில் 100 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. 1990இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

சட்டம் போன கையோடு கடைகள் பெருகின. சென்னை தியாகராய நகரில் 1964இலேயே தொடங்கிய ஜி.ஆர்.டி. போன்றவை மாடிக்கு மேல் மாடி எழுப்பின. உஸ்மான் சாலையும் பனகல் பூங்கா சுற்றுவட்டமும் கல்யாண வீட்டாரின் ஊராகவே மாறின. மதுரையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். பத்தரின் முகம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி ஷோகேஸ். முன்பின் அறியாத விற்பனையாளரிடம் பல பவுன் நகை வாங்க வேண்டும் என்றால் மனசுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் அல்லவா? அந்தப் பிடிமானமாக வந்தது '916 கேடிஎம்' என்ற பலகை.

இந்தப் பலகையின் கதை சுவாரசியமானது. நகையின் துண்டுகளை இணைக்கப் பத்தர் பொடி வைத்து ஊதுவார். செம்பும் வெள்ளியும் கலந்த பழைய பொடி தங்கத்தைவிடத் தரம் குறைந்தது. கண்ணி கண்ணியாகப் பற்றவைத்த சங்கிலி என்றால் பொடியே கணிசமாகச் சேரும். தகடு 22 காரட்டாக இருக்கலாம். நகையை உருக்கினால் அந்தத் தரம் வராது. இதில் ஏமாற்று எது, தொழிலின் இயல்பு எது என்று பிரிப்பது கடினம். காட்மியம் வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்த பொடி குறைந்த சூட்டிலேயே உருகி ஒட்டும், தரமும் இறங்காது. 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். கேடிஎம் என்பது அந்தக் காட்மியம்தான். ஆனால் சூட்டில் கிளம்பும் காட்மியப் புகை பட்டறையில் குனிந்திருப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தின்னும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) தன் தரவிதியில் காட்மியத்துக்கு இடம் தரவில்லை. அப்படியும் 'கேடிஎம் நகைதானே?' என்று கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்ட வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். பற்றவைக்கும் பொடியின் பெயர் தரமுத்திரை ஆகிவிட்டது. ஒன்றுமே தெரியாதவர் கடைக்காரரை நம்புவார், முழுதும் தெரிந்தவர் கேள்வி கேட்பார். பாதி தெரிந்தவர்தான் பலகையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பணத்தை எடுப்பவர்.

அரசின் ஹால்மார்க் திட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது. விரும்பிய கடைகள் சேரலாம் என்ற ஏற்பாடு. சேர்ந்த கடைகள் அதையே தலைப்புச் செய்தியாக்கின. சேராதவை '916' என்று தாமே குத்திக்கொண்டன. கட்டாயமாக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2021 ஜூன் 16 முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் இல்லாமல் விற்கக் கூடாது என்றானது. ஒவ்வொரு நகைக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்க அடையாளம் பொறிக்க வேண்டும் என்ற அடுத்த விதியை எதிர்த்து அந்த ஆகஸ்டு 23ஆம் தேதி நாடெங்கும் நகைக்கடைகள் அடையாளக் கடையடைப்பு நடத்தின. வேலைப்பளு கூடும், நகை தேங்கும் என்பது அவர்கள் வாதம். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இலக்கம் இல்லாத நகையை விற்க முடியாது. கடையடைத்து எதிர்த்த அதே எண்ணை இன்று கடைகளே விளம்பரத்தில் போட்டுக்கொள்கின்றன. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும்.

வாங்குபவர் கையில் இப்போது உண்மையான ஆயுதம் ஒன்று இருக்கிறது. லென்ஸ் வைத்து எண்ணைப் படித்து பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால், எந்தக் கடை பதிவு செய்தது, எந்த மையத்தில் சோதித்தார்கள், என்ன தரம் என்று வந்துவிடும். தரம் குறைந்தது உறுதியானால் குறைவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு இழப்பீடும் சோதனைச் செலவும் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. ஹால்மார்க் கட்டணம் உருப்படிக்கு 45 ரூபாயும் வரியும்தான். உரைகல்லின் ரகசியம் இத்தோடு முடிந்தது.

லாபம் மட்டும் முடியவில்லை. அது எஸ்டிமேட் சீட்டின் வேறொரு வரிக்கு நகர்ந்தது.

பவுன் விலை ஒளிவுமறைவில்லாதது. சென்னை நகை வியாபாரிகளின் சங்கம் தினமும் அறிவிக்கிறது. காலையில் தொலைக்காட்சி, வாட்ஸ்அப், தேநீர்க்கடை எல்லா இடத்திலும் அதே எண். ஆகவே போட்டி எல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும். அறுத்து, ராவி, மெருகேற்றும்போது சிதறும் பொன்னுக்கு ஈடு என்று பிறந்தது சேதாரம். உண்மையில் பட்டறையில் எந்தப் பொடியும் வீணாவதில்லை. பாயைத் தட்டுவார்கள், தரையைப் பெருக்கிச் சலிப்பார்கள். பட்டறைத் தெருவின் சாக்கடை மண்ணைக்கூட அள்ளி அலசிப் பிழைக்கும் ஆட்கள் உண்டு. இயந்திரத்தில் இழுத்த சங்கிலியில் சிதறல் இன்னும் குறைவு. பெயர் மட்டும் மாறவில்லை. சில கடைகளில் அது 'வி.ஏ.' (வேல்யூ அடிஷன்) என்று நாகரிகப் பெயரும் பூண்டிருக்கிறது.

ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கணக்குக்காக கிராம் 9,000 ரூபாய் என்று வையுங்கள். 8 கிராம் சங்கிலி, தங்கம் 72,000. சேதாரம் 14 சதவீதம். சீட்டில் அது 1.12 கிராம் என்று தங்கத்தின் எடையாகவே எழுதப்படும், ரூபாயில் 10,080. கூட்டினால் 82,080. அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,462. மொத்தம் 84,542, ஹால்மார்க் கட்டணம் தனி. மறுநாளே விற்கப் போனால் 8 கிராமுக்குத்தான் விலை. இதில் உறுத்தவேண்டிய விஷயம் பதினான்கு என்ற எண் அல்ல, சதவீதம் என்ற முறை. கிராம் 1,000 ரூபாய் விற்ற காலத்தில் இதே சங்கிலிக்கு இதே சேதாரம் 1,120 ரூபாய். இயந்திரமும் அதே, வேலையும் அதே. விலை ஏற ஏறக் கடையின் பங்கும் தானாக ஏறுகிறது. பேரம் பேசி 14ஐ 12ஆக்கிக்கொண்டு வெற்றியோடு வெளியே வருகிறவர்கள் இந்த இடத்தை அநேகமாகத் தொடுவதில்லை.

ஆனாலும் சேதாரம் ஒரு விவகாரம் என்பது மெல்ல எல்லோருக்கும் தெரிந்துபோனது. உடனே விளம்பரமும் அங்கே வந்து நின்றது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்ற கூவல் வந்தது. பிறகு சேதாரம் இவ்வளவு சதவீதம் 'முதல்' என்ற தட்டிகள். சதவீதம் பனைமரம் உயரத்துக்கு, 'முதல்' மட்டும் கண்ணுக்குத் தெரியாமல். இந்த வரிசையில் தமிழ்நாடே கவனித்தது லலிதா ஜுவல்லரியின் விளம்பரம். நடிகர் இல்லை, பட்டுப்புடவை நடனம் இல்லை. உரிமையாளர் கிரண்குமாரே கேமராவுக்கு முன் வந்து, எங்கள் கடையில் விலையைக் கேளுங்கள், எஸ்டிமேட்டைப் படம் பிடித்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு வாங்குங்கள் என்ற பொருளில் பேசினார். விவரமான வாடிக்கையாளரைப் பார்த்துக் கடைக்காரர்கள் பயந்தது போய், விவரமாக வாருங்கள் என்று கடைக்காரரே அழைத்த கட்டம் இது. மீம் போட்டுக் கிண்டலடித்தவர்களும் அந்த விளம்பரத்தை இலவசமாகவே பரப்பினார்கள்.

எத்தனை பேர் உண்மையில் நாலு கடை ஏறி இறங்கியிருப்பார்கள்? கல்யாணத்துக்கு நகை எடுக்க வரும் கூட்டத்தில் பெரியம்மா உண்டு, சம்பந்தி உண்டு, பசியில் அழும் குழந்தை உண்டு. அதோடு ஒரு கடையின் ஆரம் மாதிரியே எடையிலும் வேலைப்பாட்டிலும் இன்னொரு கடையில் கிடைப்பதும் அரிது. ஒப்பிடச் சொல்கிறவரிடம் மறைக்க ஒன்றும் இருக்காது என்று மனசு முடிவு செய்துவிட்டால், ஒப்பிடும் வேலையே மிச்சம். அதேசமயம் ஒப்பிட்டுப் பார்க்கும் சிலரால்தான் ஊரில் சேதாரம் கட்டுக்குள் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய அலைச்சலின் பலன், உட்கார்ந்த இடத்தில் வாங்குகிறவருக்கும் சேர்கிறது. கல்யாண் ஜுவல்லர்ஸ் நடிகர் பிரபுவை வைத்து 'நம்பிக்கை, அதானே எல்லாம்' என்று சொன்னதும் வேறொரு கதவின் வழியே அதே வீட்டுக்குள் நுழைவதுதான்.

நகைச்சீட்டில் கதை கொஞ்சம் இருட்டு. மாதாமாதம் கட்டு, முடிவில் ஒரு தவணை நாங்கள் போடுகிறோம் அல்லது சேதாரம் தள்ளுபடி என்பது ஏற்பாடு. முன்பு பல கடைகளில் இது ஆண்டுக்கணக்கில் ஓடும். 2013 கம்பெனிச் சட்டத்தை ஒட்டி வந்த வைப்புத்தொகை விதிகள், பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் நேர்செய்ய வேண்டும் என்றன. அதனால்தான் சீட்டுகள் 11 மாதத்துக்குச் சுருங்கின. சீட்டு கட்டுகிற இல்லத்தரசிகளில் பலருக்கு இந்தப் பின்னணி தெரியாது. தெரிந்தது பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுகிறார் என்பதுதான். தமிழ்நாட்டில் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கதவடைத்த கடைகள் ஒன்றிரண்டல்ல. கடையை நம்பச் சொன்ன விளம்பர முகங்களுக்கும் பொறுப்பு உண்டு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கும் முதல்முறை 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தரத்தை ஒரு செயலி காட்டிவிடும். கடையின் கல்லாப்பெட்டி நிலவரத்தைக் காட்ட அப்படி எதுவும் இல்லை.

இத்தனை விவரமும் ஒருபக்கம் கிடக்க, அட்சய திருதியை இன்னொரு பக்கம். தானம் செய்தால் வளரும் என்று நம்பப்பட்ட நாள் அது. சமணர்கள் ரிஷபதேவரை நினைத்து நோன்பு முடிப்பார்கள். பூரியில் ரத யாத்திரைக்குத் தேர் கட்டும் வேலை தொடங்கும். கும்பகோணத்தில் பன்னிரண்டு கருடசேவை நடக்கும். தமிழ்நாட்டில் அன்றைக்குக் குன்றிமணி அளவாவது தங்கம் வாங்க வேண்டும் என்பது 2000களின் தொடக்கத்தில் கடைகள் போட்ட கூப்பாட்டில் வேரூன்றிய வழக்கம். நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும், சின்ன வயதில் வீட்டில் இப்படி ஒரு நாள் இல்லை என்பார்கள். இது வியாபாரிகள் கிளப்பிவிட்டது என்று பட்டிமன்றத்தில் பேசியாயிற்று, பத்திரிகையில் எழுதியாயிற்று. ஆனாலும் விடியற்காலையிலேயே கடை வாசலில் வரிசை. வரிசையில் நிற்பவரிடம் கேட்டால், எனக்கும் தெரியும் சார், இருந்தாலும் நல்ல நாளில் ஒரு கிராம் இருக்கட்டுமே என்பார். அவரை ஏமாளி என்று சொல்ல முடியவில்லை. தங்கம் இத்தனை ஆண்டும் அவரை ஏமாற்றவில்லை என்பதும் உண்மைதானே.

சேதாரமே இல்லாத வழியை அரசும் ஒருமுறை காட்டியது. 2015 நவம்பரில் தங்கப் பத்திரம் வந்தது. தங்கத்தின் விலையோடு ஏறும், வட்டியும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் வாங்கினார்கள், நன்றாகச் சம்பாதித்தார்கள். 2024 பிப்ரவரிக்குப் பின் அரசு புதுப் பத்திரம் வெளியிடவில்லை. பத்திரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாது என்ற ஒரே காரணத்தால் நகைக்கடைக்கு அந்தப் பத்தாண்டில் பெரிய சேதம் எதுவும் வரவில்லை.

2025 ஏப்ரலில் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியபோது கடைகளின் விளம்பரம் மறுபடி தடம் மாறியது. அலுவலகத்துக்குப் போட்டுப்போக எடை குறைந்த நகை, 18 காரட், 14 காரட், கல் பதித்தது, அன்றாடம் அணிவது. அதே ஆண்டு ஜூலையில் 9 காரட்டும், அதாவது ஆயிரத்துக்கு 375 பங்கு தங்கமும், ஹால்மார்க் பட்டியலில் சேர்ந்தது. 1963இல் சட்டம் போட்டு, போலீசை ஏவி, ஒரு தொழிலையே முடக்கியும் மக்கள் தலையில் கட்ட முடியாமல் போன 14 காரட்டை இன்று ஐ.டி. ஊழியர் விரும்பி எடுக்கிறார். யாரும் எதையும் மறைக்கவில்லை. 585 என்று லேசரில் பொறித்தே தருகிறார்கள், சீட்டிலும் தெளிவாக எழுதுகிறார்கள். கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் போகும் பணம் தங்கத்துக்குப் போவதைவிட அதிகம் என்பதும் அதே சீட்டில் இருக்கிறது. அவர் அதைப் படித்துப் பார்த்து, செயலியில் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, நோ காஸ்ட் இஎம்ஐ உண்டா என்று கேட்கிறார்.